சிக்னலில் நடுங்கும் எஞ்சின்

பச்சை விழ இன்னும் நாற்பது நொடி. வரிசையில் நிற்கும் பழைய மாருதி 800 ஒன்றின் ஸ்டீயரிங் படபடவென நடுங்குகிறது. எஞ்சின் சத்தம் தாழ்ந்துகொண்டே போய், நின்றேவிடும் என்று தோன்றும் நேரத்தில் மறுபடி எழுகிறது. ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் எல்லாம் சரி. காலை எடுத்தால் திரும்பவும் அதே நடுக்கம்.

மிதித்தால் சரியாகிறது, விட்டால் ஆடுகிறது. மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் துப்பு இதுதான்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-இல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். பழைய வண்டிகள் கார்புரேட்டரில் ஓடுபவை. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் தானாக ஓடும் ஐடிலிங்கில், அது நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஆக, மூன்றும் சேர்ந்து நொடிக்கு 22 அல்லது 23 முறை. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் அது 15 ஆகிவிடும். நடுக்கம் கைக்குத் தெரியாமல் இருக்காது.

காலை எடுத்ததும், காற்று நுழையும் வழியில் இருக்கும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஆனால் பிஸ்டன்கள் காற்றை இழுப்பதை நிறுத்துவதில்லை. அதனால் இன்டேக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இந்த வெற்றிடத்துக்குப் பட்டறை மொழியில் ‘வேக்குவம்’. அந்த நிலையில் இந்தச் சிறிய எஞ்சின் நொடிக்கு இழுப்பது தோராயமாக 2 லிட்டர் காற்று. வெடித்துப்போன வேக்குவம் ஹோஸில் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதன் வழியாக மட்டும் நொடிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காற்று திருட்டுத்தனமாக நுழையும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! பெட்ரோல் நன்றாக எரிய ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதைத் தாண்டிக் காற்று கூடினால் கலவை மெலிந்து, சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதில்லை.

நெடுஞ்சாலையில் விரட்டும்போது அதே எஞ்சின் நொடிக்கு 30 லிட்டருக்கு மேல் இழுக்கும். திராட்டில் திறந்திருப்பதால் வேக்குவமும் குறைந்துவிடும். அந்தப் பெருவெள்ளத்தில் ஓட்டை வழியாக வரும் காற்று கணக்கிலேயே வராது. ஐடிலிங்கில் ஆடும் வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சமர்த்தாகப் போவது இதனால்தான்.

ஏர் லீக் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கார்புரேட்டரின் குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போதுதான் மெயின் ஜெட் பெட்ரோலைத் தரும். ஐடிலிங்கில் அந்த வேகம் இல்லை. ஆகவே திராட்டில் தகட்டுக்குக் கீழே இருக்கும் ஊசித்துளை ஒன்றின் வழியாக, ஸ்லோ ஜெட் தனியே பெட்ரோல் கொடுக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து அந்த வழியை அடைத்துவிடும்.

அனுபவமுள்ளவர் எடுத்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முதலில் பிளக் கேப்களை இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறார். நல்ல சிலிண்டரின் கேப்பை எடுத்தால் ஆட்டம் கூடும். எடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான். அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார். குறையும் கூடவே இடம் மாறினால் பிளக் கெட்டிருக்கிறது. மாறாவிட்டால் ஒயர், வால்வு, கம்ப்ரஷன் என்று தேடல் நீளும். பிளக்கின் நுனியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: இளம்பழுப்பு என்றால் நலம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

மூன்று சிலிண்டரும் ஒரேமாதிரி ஆடினால் காற்றுப் பக்கம் போக வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ்கள், கேஸ்கெட் ஓரங்கள் வழியாக நகர்த்தினால் ‘உஸ்’ என்ற சத்தம் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை ஒரு கணம் நெரித்ததும் ஐடிலிங் சீரானால், ஒழுக்கு அந்தப் பக்கம்தான். வேக்குவம் கேஜை மாட்டினால் இன்னும் தெளிவு. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள்ளை அசையாமல் நிறுத்தும். முள் ஒரே சீராகத் துடித்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். அசையாமல் தாழ்ந்தே நின்றால் லீக் இருக்கலாம், இக்னிஷன் டைமிங்கும் தப்பியிருக்கலாம்.

பாகம் எதுவும் கெடாமலேயே கணக்கு தவறுவதும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. சென்னையில் டியூனிங் செய்த கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் கூடி, பிளக் கறுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் நேர்மாறு. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை மெலிகிறது. அந்தக் காலத்து ரப்பர் பாகங்கள் சிலவற்றுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை.

சிக்னலில் நடுங்கிய வண்டியில் சிக்கியது, முனை வெடித்த விரல்நீள ஹோஸ். புது ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் 1,300 சுற்றில் அலறுகிறது. லீக்கைத் தேடாமல், வண்டி நின்றுவிடக் கூடாது என்று யாரோ முன்பு ஐடிலிங் ஸ்க்ரூவை முடுக்கிவைத்திருக்கிறார்கள். மெக்கானிக் கேஜைப் பார்த்தபடி அதைக் கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று தளர்த்துகிறார். சத்தம் படிப்படியாக இறங்குகிறது. முள் 19-இல் நிற்கிறது.