ஏ.எம்.எச். எண்ணும், எடை போடாது

கருத்தரிப்பு மையத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் மூன்றெழுத்துப் பெயர் மனப்பாடம். ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த அளவு ஒன்றுக்குக் கீழே இருந்துவிட்டால், "முட்டையெல்லாம் தீர்ந்துபோச்சாம்" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். தாள் சொல்வது அதுவல்ல.

இந்த ஹார்மோன் முதலில் பிடிபட்டது ஆண் கருவில் என்பது வேடிக்கை. ஆண் கருவில் கருப்பை உருவாகாமல் தடுக்கும் சுரப்பு ஒன்று விரையிலிருந்து வருகிறது, அது டெஸ்டோஸ்டிரோன் அல்ல என்று 1940-களில் முயல் கருக்களைக் கொண்டு காட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃபிரட் ஜோஸ்ட். பெண்ணின் சினைப்பையிலும் அது சுரப்பது பின்னால்தான் தெரியவந்தது.

சினைப்பையில் ஒவ்வொரு கருமுட்டையையும் பொதிந்துவைத்திருக்கும் நுண்ணிய பைக்குப் பெயர் ஃபாலிக்கிள். தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதம் இருக்கும்போது பெண் குழந்தைக்கு இவை 60, 70 லட்சம். பிறக்கையில் 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறக்குறைய 1,000. இத்தனையில் முட்டையை வெளியேற்றுபவை 400, 500தான். மற்றவை இருந்த இடத்திலேயே கரைந்துபோகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்தக் கரைதல் நிற்பதில்லை.

உறங்கிக்கிடக்கும் ஃபாலிக்கிள்கள் ஏ.எம்.எச். சுரப்பதில்லை. விழித்து வளரத் தொடங்கிய சிறியவைதான் சுரக்கின்றன. அதை வைத்து மிச்சமிருக்கும் முட்டைகளின் இருப்பை ஊகிக்கிறார்கள், அவ்வளவே. அளவு கூடுதலாக இருந்தால் கொண்டாடவும் வேண்டாம்: பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சிறிய ஃபாலிக்கிள்கள் வளர்ச்சி நின்று குவிந்துகிடப்பதாலேயே அது எகிறும்.

வயது ஏற ஏற ஃபாலிக்கிள்கள் சுரக்கும் இன்ஹிபின்-பி என்ற ஹார்மோன் குறைகிறது. அதன் கடிவாளம் தளர்ந்ததும் மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பி, ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டுகிறது. ஃபாலிக்கிள் அவசரமாக வளர்கிறது. 28 நாள் சுழற்சி 25, 26 ஆகிறது. நாற்பதை நெருங்கும் பெண்கள் "முன்னாடியே வந்துடுது" என்பது இதைத்தான். ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளியேறவும் இதனால் வாய்ப்பு உண்டு. முப்பதுகளின் பிற்பகுதியில் இரட்டைக் குழந்தைகள் கூடுவது அதனால்தான்.

இருப்பு ஒரு கணக்கு என்றால் தரம் வேறு கணக்கு. கருவிலேயே பிளவைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு, பல்லாண்டு காத்திருக்கும் செல் கருமுட்டை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் புரதம் அதற்குள் நைந்துவிடுகிறது. பங்கு பிரிப்பதில் பிழை நேர்கிறது. டவுன் சிண்ட்ரோம் 25 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,250 பிரசவங்களில் ஒன்று. 40 வயதில் 100-ல் ஒன்று.

இந்தத் தரத்தை ஏ.எம்.எச். அளக்காது. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள்: ஏ.எம்.எச். குறைந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிப்பதில் பின்தங்கவில்லை. ஆனால் ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறைக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும்.

தரம் முட்டையின் வயதைப் பொறுத்தது என்பதால், தானமாகப் பெற்ற முட்டையில் 45 வயதுப் பெண் கருவுற்றால், வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் முட்டை கொடுத்தவரின் வயதைப் பின்தொடர்கிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முட்டை தானம் செய்பவருக்கு வயது 23 முதல் 35 வரை.