எட்டு கோல் தூரத்தில் கால் இறுதி

கடைசி ஆட்டம் வரை கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பது இந்திய ஹாக்கி ரசிகரின் தலைவிதி. சில சமயம் கணக்கு சரியாக வருகிறது. பல சமயம் காலை வாருகிறது.

புவனேஸ்வர் கலிங்கா அரங்கம், 2023 ஜனவரி 19. இங்கிலாந்து-ஸ்பெயின் ஆட்டம் முடிந்து, இந்தியாவும் வேல்ஸும் களமிறங்கவிருந்த நேரம். கேலரியில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். பெரியவருக்கு 68 வயது. ரூர்கேலா உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரி ரயிலில் வந்திருந்தார். நோட்டில் இரண்டு பத்திகள்: ஒன்றில் இங்கிலாந்து, இன்னொன்றில் இந்தியா. சற்று நேரம் பேனாவை உதட்டில் வைத்து யோசித்தவர், பக்கத்தின் அடியில் பெரிதாக '8' என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

உலகக் கோப்பையின் 'டி' பிரிவு முழுவதும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இங்கிலாந்து வேல்ஸை 5-0 என்றும், ஸ்பெயினை 4-0 என்றும் வென்றிருந்தது. இந்தியாவுடன் 0-0. ஆக 7 புள்ளிகள், கோல் வித்தியாசம் 9. இந்தியா ஸ்பெயினை 2-0 என வென்று, இங்கிலாந்துடன் சமன் செய்து, 4 புள்ளிகளில் நின்றது. வேல்ஸை வென்றால் அதற்கும் 7 புள்ளிகள். ஆனால் கையிருப்பில் இருந்த கோல் வித்தியாசம் வெறும் 2. பிரிவில் முதலிடம் வேண்டுமென்றால் வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் தோற்கடிக்க வேண்டும்.

முதலிடம் எதற்கு? முதலிடம் பிடிக்கும் அணி நேராகக் கால் இறுதிக்குப் போகும். இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகள் இன்னொரு பிரிவின் அணிகளுடன் 'கிராஸ் ஓவர்' என்ற வாழ்வா சாவா ஆட்டத்தைத் தாண்டி வர வேண்டும். ஒரு ஆட்டம் கூடுதலாக ஆட வேண்டும் என்பது மட்டுமல்ல. ஒரு விபத்துக்குக் கூடுதலாக வாய்ப்புக் கொடுப்பதும்தான் அது.

"எட்டு அடிப்பார்களா?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "அடிக்க மாட்டார்கள். ஆனால் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?"

மூன்று கணக்குகள், மூன்று வெள்ளிகள்

பெரியவரின் ஊர் இருக்கும் சுந்தர்கர் மாவட்டத்தில் ஹாக்கி என்பது பொழுதுபோக்கு அல்ல. ஆட்டுக் கிடாயைப் பரிசாக வைத்துக் கிராமத்துக்குக் கிராமம் போட்டி நடக்கும் பூமி அது. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்க்கி, தற்காப்பு ஆட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் எல்லாம் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான். அங்கே பிறந்த ஒருவருக்கு இந்திய ஹாக்கியின் தோல்விகள் தேதி வாரியாக நினைவில் இருப்பதில் வியப்பில்லை.

அவர் கணக்குப் போடத் தொடங்கியது 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில். அதற்கு முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று இந்தியா உலகக் கோப்பையை வாங்கியிருந்தது. சென்னை வீரர் வி.ஜே. பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார். மாண்ட்ரியலில் முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி. பிரிவு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 6-1 என்று உதை. இருந்தும் கடைசியில் இரு அணிகளும் சமப் புள்ளிகளில் வந்து நின்றன. அரை இறுதிக்கு யார் என்று முடிவு செய்ய 'பிளே ஆஃப்' வைத்தார்கள். 1-1 என்று முடிந்த அந்த ஆட்டம் பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் இந்தியாவின் கையை விட்டுப் போனது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கி வந்த நாடு ஏழாவது இடத்துக்குப் போனது.

1984 லாஸ் ஏஞ்சலிஸ். ஜாஃபர் இக்பால் கேப்டன். கடைசிப் பிரிவு ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை வென்றால் அரை இறுதி. ஒரே ஒரு கோல் போதும். ஆட்டம் 0-0. இந்தியாவுக்கு ஐந்தாவது இடம்.

2000 சிட்னி. இதைப் பெரியவர் சொல்ல வேண்டியதே இல்லை, எனக்கே மனப்பாடம். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். அர்ஜென்டினாவை 3-0, ஸ்பெயினை 3-2 என வென்று, ஆஸ்திரேலியாவுடன் 2-2 எனச் சமன் செய்து, தென் கொரியாவிடம் மட்டும் 0-2 எனத் தோற்றிருந்த இந்தியாவிடம் 7 புள்ளிகள். போலந்தை வென்றால் 10 புள்ளி, அரை இறுதி. பயிற்சியாளர் நம் வாசுதேவன் பாஸ்கரன். 1980 மாஸ்கோவில் இந்தியா தங்கம் வென்றபோது கேப்டன். முன்வரிசையில் புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை.

இந்தியா 1-0 என முன்னிலையில் இருந்தது. விடுதியில் ஒருவர் அரை இறுதியில் யார் எதிரி என்று பேசத் தொடங்கிவிட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது போலந்து கோல் போட்டது. 1-1. தென் கொரியா அரை இறுதிக்குப் போனது. தொலைக்காட்சியை யார் நிறுத்தினார்கள் என்று நினைவில்லை. அன்று மதியம் யாரும் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் போகவில்லை என்பது நினைவிருக்கிறது.

விதியின் கேலியைப் பாருங்கள். 1980 மாஸ்கோவிலும் பிரிவு ஆட்டத்தில் இந்தியா போலந்துடன் 2-2 எனச் சமன் செய்திருந்தது. அந்த முறை தங்கத்துக்கு அது தடையாகவில்லை. இருபது ஆண்டு கழித்து அதே போலந்துடன் இன்னொரு சமன், இம்முறை பதக்கக் கனவையே மூடிவிட்டது.

இந்த மூன்று கணக்குகளிலும் பெரியவர் கண்டுபிடித்த ஒற்றுமை ஒன்று உண்டு. நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். 1976இல் இந்தியாவைத் தாண்டிப் போன ஆஸ்திரேலியா, 1984இல் தாண்டிப் போன மேற்கு ஜெர்மனி, 2000த்தில் தாண்டிப் போன தென் கொரியா - மூன்றுமே அந்தந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கின. "நாம் வழிவிட்டவர்கள் எல்லாம் மேடை ஏறினார்கள். அப்படியானால் நாம் எவ்வளவு பக்கத்தில் இருந்தோம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஆறுதலா, வேதனையா என்று அவர் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்தவர் கையில் நம் கதவு

கணக்கு எப்போதும் ஏமாற்றும் என்று சொல்லிவிட முடியாது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இதற்குச் சாட்சி. அதற்குள் போட்டியின் அமைப்பே மாறியிருந்தது. முன்பு ஆறு அணிகள் கொண்ட பிரிவிலிருந்து முதல் இரண்டு அணிகள் மட்டுமே அரை இறுதிக்குப் போகும். 2016 ரியோவிலிருந்து முதல் நான்கு அணிகளும் கால் இறுதிக்குப் போகின்றன. ஒரு தோல்வி இப்போது உயிரை எடுப்பதில்லை. டோக்கியோவில் ஆடவர் அணி ஆஸ்திரேலியாவிடம் 7-1 என நொறுங்கியும் எழுந்து வந்தது, கடைசியில் ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் வாங்கியது. பழைய முறையில் அந்த 7-1 ரசிகர்களின் தூக்கத்தை எவ்வளவு கெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் டோக்கியோவில் நகத்தைக் கடிக்க வைத்தவர்கள் மகளிர். நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் - மூன்று ஆட்டங்கள், மூன்று தோல்விகள். பெரும்பாலான பத்திரிகைகள் இரங்கல் எழுதத் தயாராகிவிட்டன. நான்காவது ஆட்டத்தில் அயர்லாந்துக்கு எதிராக 57ஆவது நிமிடத்தில் நவ்நீத் கௌர் போட்ட ஒற்றை கோல் உயிர் கொடுத்தது. ஐந்தாவது ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா மூன்று முறை சமன் செய்தது. வந்தனா கட்டாரியாவின் மூன்று கோல்களால் 4-3 என வெற்றி. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான்.

இந்தியாவுக்கு 6 புள்ளிகள். வேலை முடிந்தது. ஆனால் கால் இறுதிக் கதவின் சாவி அன்று மாலை ஆடவிருந்த பிரிட்டன்-அயர்லாந்து ஆட்டத்தில் இருந்தது. அயர்லாந்து வென்றால் அதற்கும் 6 புள்ளிகள், இந்தியாவைவிட மேலான கோல் வித்தியாசம், இந்தியா வெளியே. தோற்றாலும் சமன் செய்தாலும் இந்தியா உள்ளே. ஆக, மூன்று நாள் முன்னால் நம்மை 4-1 என அடித்த பிரிட்டன் வெல்ல வேண்டும் என்று அன்று இந்திய ரசிகர்கள் வேண்டிக்கொண்டார்கள். பிரிட்டன் 2-0 என வென்றது.

கிடைத்த கதவு வழியே போன பெண்கள் அடுத்து ஆஸ்திரேலியாவை 1-0 என வீழ்த்தினார்கள். குர்ஜித் கௌரின் பெனால்டி கார்னர் கோல். ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் முதல் முறையாக அரை இறுதியில். அங்கே அர்ஜென்டினாவிடம் தோல்வி. வெண்கல ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? அதே பிரிட்டன். 4-3 என இந்தியாவைத் தோற்கடித்து வெண்கலத்தை எடுத்துக்கொண்டு போனது. கதவைத் திறந்துவிட்டவரே கடைசியில் விருந்தையும் சாப்பிட்டுவிட்டுப் போன கதை.

முதல் நாள் தவறவிட்ட கோல்

கலிங்கா அரங்கில் அன்றிரவு எட்டு கோல் விழவில்லை. ஷம்ஷேர் சிங் ஒன்று, ஆகாஷ்தீப் சிங் ஒன்று என 2-0 ஆனபோது கூட்டம் எழுந்து நின்றது. மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடங்களில் வேல்ஸ் இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியதும் உட்கார்ந்துவிட்டது. ஆகாஷ்தீப்பும் ஹர்மன்பிரீத் சிங்கும் 4-2 ஆக்கி மானத்தைக் காப்பாற்றினார்கள். பெரியவர் நோட்டில் '8'ஐ அடித்துவிட்டு '4-2' என்று எழுதினார்.

"கடைசி நாளில் எட்டு கோல் கேட்பது தப்பு" என்றார் அவர். "முதல் நாள் ஸ்பெயினுக்கு எதிராக இன்னும் இரண்டு போட்டிருக்க வேண்டும். இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று போட்டிருந்தால் நோட்டே தேவையில்லை." உண்மைதான். இங்கிலாந்துக்கு எதிரான அந்த 0-0இல் ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால், வேல்ஸை எத்தனை கோலில் வென்றாலும் இந்தியாதான் முதலிடம். கிடைத்த பெனால்டி கார்னர்களைக் கோலாக்க முடியாமல் அந்த உலகக் கோப்பை முழுவதும் இந்தியா தடுமாறியது. கடைசி ஆட்டத்தில் சுமையாக வந்து உட்காரும் கணக்கு, உண்மையில் முதல் ஆட்டத்தில் பட்ட கடன். வட்டி மட்டும்தான் கடைசி நாளில் கேட்கப்படுகிறது.

அந்த வட்டி மூன்று நாளில் வசூலானது. ஜனவரி 22, கிராஸ் ஓவர். எதிரே நியூசிலாந்து, பிரிவில் மூன்றாவதாக வந்த அணி. இங்கிலாந்து ஆட்டத்தில் காயமடைந்த நடுக்கள வீரர் ஹார்திக் சிங் இல்லை. இருந்தும் இந்தியா 2-0 என்றும், பிறகு 3-1 என்றும் முன்னிலை பெற்றது. நியூசிலாந்து விடவில்லை. 3-3. பிறகு ஷூட் அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்பட்டு எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்ற வேண்டும். மறுபடியும் எட்டு! ஐந்து வாய்ப்புகளிலும் முடிவு வராமல் சடன் டெத் வரை இழுத்து, 5-4 என நியூசிலாந்து வென்றது. சொந்த மண்ணில் இந்தியா கால் இறுதிக்குக்கூட வரவில்லை. போட்டி முடிந்ததும் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி விலகினார்.

ஒரு வாரம் தாமதம்

அதற்குப் பிறகும் இந்தியாவுக்கு ஆட்டங்கள் இருந்தன, ஒன்பதாவது இடத்துக்கான வரிசையில். பதக்கமும் இல்லை, பரபரப்பும் இல்லை. நடந்த இடம் ரூர்கேலா, 20,000 பேர் உட்காரக்கூடிய பிர்சா முண்டா அரங்கம். பெரியவரின் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். போனில் கேட்டேன், போகிறீர்களா என்று. "ஊருக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்காமல் இருப்பதா?" என்றார்.

ஜனவரி 26, குடியரசு நாள். எதிரணி ஜப்பான். அன்று இந்தியா எல்லாவற்றையும் கோலாக்கியது. ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்ணிக்கை: 8-0.

சரியாக எட்டு. வேண்டியிருந்த நாளைவிட ஒரு வாரம் தாமதமாக.

அன்றிரவு பெரியவர் மறுபடி பேசினார். நோட்டில் அந்த எட்டையும் எழுதிக்கொண்டாராம். அடுத்த பக்கத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த வருஷம் பாரீஸ் ஒலிம்பிக். பிரிவில் யார் யார் வருவார்கள் என்று தெரிந்ததும் பத்தி பிரித்துக் கோடு போட வேண்டும் என்றார். அந்தக் கணக்கு வீண் போகவில்லை. 2024 ஆகஸ்டில் ஸ்பெயினை 2-1 என வென்று இந்தியா மீண்டும் வெண்கலம் வாங்கியது.

நோட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லையாம். தேதி மட்டும்தான் இருக்கிறதாம்.