நீதியின்றி அமைதி ஏது?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. ஆலயங்களில் காலைத் திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையில் ஆழிப்பேரலை கரையேறி வந்தது. கடலூர் தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை வரை குப்பங்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அந்நாளில் பரங்கிப்பேட்டை செய்த தொண்டை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த அவ்வூரில் இஸ்லாமியப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். சுற்றியுள்ள மீனவக் கிராமங்களோ பெரும்பாலும் இந்துக்களுடையவை. உடுத்திய துணியோடு ஓடிவந்த அம்மீனவர்களை ஜமாஅத்தார் தம் உறவினரைப் போல் ஏற்றுக்கொண்டனர். அவர்களுக்குத் தங்க இடம் தந்தனர். உலை வைத்துச் சோறு சமைத்துப் பசியாற்றினர். மதம் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் அதே கரையில் வேறொன்றும் நிகழ்ந்தது. பிச்சாவரத்துச் சதுப்பு நீரில் இறங்கி, கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருளர்கள். இழந்த படகுக்கும் வலைக்கும் ஈடு கணக்கிடப்பட்டபோது, படகே இல்லாத அவர்கள் எதை இழந்ததாகக் காட்டுவார்கள்? பலர் கணக்கிற்கு வெளியிலேயே நின்றனர். பசித்தவனுக்குச் சோறிடுவது இரக்கம். பங்கீட்டுப் பேச்சில் அவனுக்கும் ஓர் இடம் தருவது நீதி. முன்னதைச் செய்த நாம் பின்னதைச் செய்யத் தயங்குவதேன்?

இக்கேள்விக்கு, நம் ஆண்டவர் நடந்த நாட்டிலேயே சிலர் விடை தேடி வருகின்றனர். யூதக் குடும்பத்தில் எகிப்து நாட்டில் பிறந்து, பின்னர் கத்தோலிக்கராகி, தோமினிக் சபைக் குருவானவர் புரூனோ உசார். அவர் 1970ஆம் ஆண்டு லாத்ரூன் மடத்துத் துறவியரிடம் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று ஒரு சிற்றூரை நிறுவினார். ‘அமைதியின் உறைவிடம்’ என்னும் பொருள்பட எபிரேயத்தில் ‘நெவே ஷாலோம்’ என்று அதற்குப் பெயரிட்டார். அங்கே யூதரும் பாலஸ்தீன அரபியரும் தாமே விரும்பி அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றனர். 1984இல் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் எபிரேயம், அரபு ஆகிய இரண்டையும் கற்கின்றனர். ஊரின் பெயர் எசாயா ஆகமத்தின் 32ஆம் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. அமைதியை நீதியின் விளைவாகவே அத்தீர்க்கதரிசி அங்கே காண்கிறார்.

இன்னும் கடினமான வழியில் நடப்போரும் உளர். இத்ஸ்ஹாக் பிராங்கெந்தால் என்னும் யூதரின் மகன் 1994இல் கடத்திக் கொல்லப்பட்டான். பழிக்குப் பழி என்று அத்தந்தை எழவில்லை. தம்மைப்போல் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேடிச் சென்றார். 1995இல் ‘பெற்றோர் வட்டம்’ தோன்றியது. இன்று இரு இனத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் உள்ளன. இழந்தவர் இழந்தவரின் கதையைக் கேட்கின்றனர். பள்ளிகளுக்கு இருவராகச் சென்று பேசியுள்ளனர். 2023 அக்டோபரில் மூண்ட பெரும்போரின் நடுவிலும் அவர்கள் பிரிந்துவிடவில்லை. ‘நடந்ததை மறந்துவிடுவோம்’ என்பதன்று அவர்கள் சொல்வது. அடக்குமுறை நீங்கி இரு மக்களும் சம உரிமையோடு வாழ வேண்டும் என்பதே அவர்களது வேண்டுகோள்.

இதைப் படித்து வியந்து, ஏட்டை மூடிவிட நமக்கு உரிமையில்லை. நமது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே, எறையூரில், தலித் கிறிஸ்தவர் சமத்துவமும் தனிப்பங்கும் கேட்டதையொட்டி 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கலவரம் மூண்டது. காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கேட்டவரும் கத்தோலிக்கர், எதிர்த்தவரும் கத்தோலிக்கர், மாண்டவரும் கத்தோலிக்கர். ஒரே ஞானஸ்நானம் பெற்றோர் நடுவே இத்துணைப் பெரிய மதில் இருக்குமாயின், எருசலேமின் மதிலைக் குறித்து நாம் என்ன பேச முடியும்?

ஆகவே நம் பங்கிலிருந்தே தொடங்குவோம். திருவிழாக் குழுவில் யாருக்கு இடமில்லை? தேர் எந்தத் தெருவிற்குள் செல்வதில்லை? கல்லறைத் தோட்டத்தில் யாருக்குத் தனி மூலை? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பேசுவோம். பின்னர் அடுத்த தெருவாரைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்போம். கேட்டபின், முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கும் நாற்காலி போடுவோம். பிள்ளையைப் புதைத்த பெற்றோரால் பகைவரோடு ஒன்றாக அமர முடிந்ததென்றால், ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்ளும் நம்மால் முடியாதா?