இரவில் போன பட்டியல்

போர்முனைக்குப் பின்னால் – 14

1944 ஜூலை, நார்மண்டி. அன்றைய சண்டை ஓய்ந்து இருட்டியதும் அமெரிக்க 3ஆவது கவசப் பிரிவின் பெல்டன் கூப்பருக்கு வேலை ஆரம்பிக்கும். எந்தெந்த டாங்கி எங்கெங்கே அடிபட்டுக் கிடக்கிறது, எது தேறும், எது தேறாது என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவார். ரேடியோவில் சொன்னால் எதிரியின் காதில் விழும் என்பதால் அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும். முன்னால் பாய்ந்துவிட்ட படைக்கும் பின்னால் இருந்த பட்டறைக்கும் நடுவே, ஜெர்மானியர்கள் இன்னும் பதுங்கியிருக்கக்கூடிய சாலை. அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால்தான் விடிந்த பிறகு மாற்று டாங்கிகள் கிளம்பும்.

அன்றைய அமெரிக்க ராணுவம் பழுதுபார்ப்பை ஐந்து படிகளாகப் பிரித்திருந்தது. முதல் படி, டாங்கிக்குள் உட்காரும் ஐந்து பேரேதான். எண்ணெய் பார்ப்பார்கள், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வார்கள், செயின் தொய்ந்தால் இறுக்குவார்கள். இரண்டாவது, பட்டாலியனோடு ஓடும் மெக்கானிக்குகள். நான்கும் ஐந்தும் வெகு பின்னால் இருந்த பெரிய பணிமனைகள். அவற்றை இன்னொரு வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

என் மனதைப் பிடித்தது மூன்றாவது படி. டிவிஷன் நகர நகர அதுவும் நகரும். எங்கோ ஒரு வயலில் கிரேன் லாரியை நிறுத்தி, பழைய எஞ்சினை முழுசாக இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றுவார்கள். கெட்டுப்போன எஞ்சினோடு அங்கே மல்லுக்கட்டுவதில்லை. அது லாரியில் பின்னால் போகும். டாங்கி முன்னால் போகும்.

ஷெர்மன் டாங்கியும் இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருந்தது. அதன் மூக்குப்பகுதி போல்ட்டுகளால் முடுக்கப்பட்ட தனிப் பாகம். அதைக் கழற்றினால் கியர்பாக்ஸ் முன்பக்கமாகவே வெளியே வந்துவிடும். எதிரே நின்ற ஜெர்மனியின் பாந்தருக்கு இதைவிட வலிய பீரங்கி, முன்புறத்தில் இதைவிடத் தடித்த கவசம். ஆனால் அதன் கியர்பாக்ஸை எடுக்க, ஓட்டுநர் உட்காருமிடத்தைக் கலைத்து, தலைக்கு மேலுள்ள தகட்டைத் திறந்து, கிரேனால் தூக்க வேண்டும். 1943 ஜூலையில் குர்ஸ்க் களத்துக்கு 200 பாந்தர்கள் போயின. சண்டை தொடங்கி ஐந்து நாள் கழித்து முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தவை சுமார் 10. அடிபட்டவை ஒருபுறம், கண்ணிவெடியில் சிக்கியவை ஒருபுறம், தானாகவே நின்றுபோனவை ஒருபுறம். போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் சில பாந்தர்களை ஓட்டிப் பார்த்து எழுதிய அறிக்கையில், சக்கரத்தைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கரத் தொகுதியின் ஆயுள் சராசரியாக 150 கிலோமீட்டர் என்று கண்டது. சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தைக்கூடத் தாண்டாது.

இன்னொன்றும் உண்டு. பட்டறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், டாங்கி விழுந்து கிடக்கும் மண் நம் கையில் இருக்க வேண்டும். பின்வாங்கும் படைக்கு, செயின் அறுந்த டாங்கியும் நொறுங்கிய டாங்கியும் ஒன்றுதான். இரண்டையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கூப்பர் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 3ஆவது கவசப் பிரிவு நார்மண்டிக்குள் கொண்டுபோனது 232 ஷெர்மன்கள். போர் முடிவதற்குள் 648 அடியோடு அழிந்தன. இன்னும் 700 அடிபட்டு, பட்டறை ஏறி, மீண்டும் சண்டைக்குப் போயின. மொத்தம் 1,348! கையிருப்பைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல்.

தீப்பிடித்து எரிந்த டாங்கியைப் பட்டறை திரும்ப எடுக்காது. சூட்டில் கவச எஃகின் உறுதி போய்விடும். எரியாதவற்றில் குண்டு துளைத்த ஓட்டையை எஃகால் அடைத்து வெல்டிங் வைத்து, ராவி, மேலே பெயின்ட் அடித்துவிடலாம். உள்ளே செய்ய வேண்டியது வேறு. அந்த ஐந்து பேரில் இறந்தவர்களின் உடலில் எஞ்சியதை எடுத்து, ரத்தத்தைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, சுவர் முழுக்க வெள்ளை பெயின்டைக் கனமாகப் பூச வேண்டும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு வாடை தெரியக்கூடாது. ஸ்பானர் பிடிக்கப் பழகிய இருபது வயதுப் பையன்கள் இதையும் செய்தார்கள். அவர்களுக்குப் பதக்கம் கொடுத்த படங்களை நான் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்டென் காடுகளில் பெரும் சண்டை நடந்தபோது, பழுது நீங்கிய டாங்கிகள் வரிசையாக நின்றன. ஏற ஆள் இல்லை. கப்பலில் வந்து சேர்ந்த காலாட்படை இளைஞர்களுக்குச் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அந்த வெள்ளைச் சுவர்களுக்குள் உட்காரவைத்து அனுப்பியதாகக் கூப்பர் எழுதுகிறார். அவர்களில் பலர் அதுவரை டாங்கிக்குள் கால் வைத்ததே இல்லை.

(தொடரும்)