கிணற்றடியில் விட்டுவந்த குடம்

பாஸ்வேர்டு சரிதான். திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மாணவி திரும்ப அடிக்கிறாள்; அதே கதை. ஆசிரியர் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. சர்வரில் அவளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது. லாகின் ஆகும்போது லினக்ஸ் எழுதவேண்டிய ஒரு சின்னக் கோப்புக்குக்கூட இடமில்லை.

அவள் சேர்த்துவைத்ததோ ஒரு கட்டுரை, இரண்டு படங்கள். மற்றதெல்லாம் 'டாட் கேஷ்' ஃபோல்டரில் கிடக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. பிரவுசர் ஒருமுறை இறக்கியதை அடுத்த முறை சட்டென்று எடுக்க அங்கேதான் போட்டுவைக்கிறது.

வீட்டுக் கணினியில் இது நல்ல ஏற்பாடு. பள்ளியிலோ, மாணவர்கள் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தங்கள் கோப்புகள் கிடைக்கட்டும் என்று ஹோம் ஃபோல்டரை சர்வரில் வைத்திருப்பார்கள். கேஷும் கூடவே அங்கே போய்விடுகிறது. கிணற்றுக்கு நடக்க அலுத்துக் குடத்தில் நிரப்பியவர், குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவந்த மாதிரி.

600 மாணவர்கள், ஆளுக்கு 300 எம்பி என்று வைத்தாலே 180 ஜிபி. தொலைந்தால் யாரும் தேடப்போகாத சரக்கு. ஆனால் இரவு பேக்கப்பில் அதுவும் சேர்ந்தே ஏறுகிறது.

விண்டோஸ் ரோமிங் ப்ரொஃபைலில் தொல்லை வேறு மாதிரி. 'ரோமிங்' ஃபோல்டர் லாகினில் சர்வரிலிருந்து இறங்கும், லாக்-ஆஃபில் திரும்ப ஏறும். 'லோக்கல்' இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபயர்பாக்ஸ் தன் கேஷை ஒழுங்காக லோக்கலில் வைக்கிறது. இந்த விதியை வகுத்த மைக்ரோசாஃப்ட்டின் பழைய டீம்ஸ்தான் ரோமிங்கில் கொட்டியது! முதல் பீரியடில் 40 பேர், ஆளுக்கு 200 எம்பி என்றால் 8 ஜிபி. 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு நிமிடம் தாண்டும். பொடிக் கோப்புகளாக இருந்தால் இன்னும் இழுக்கும்.

லினக்ஸில் தீர்வு சுலபம். 'எக்ஸ்டிஜி கேஷ் ஹோம்' என்ற மாறியை லாகின் நேரத்தில் அந்தந்தக் கணினியின் டிஸ்க்குக்குத் திருப்பிவிட்டால், அதை மதிக்கும் மென்பொருள்கள் எல்லாம் அங்கே எழுதும். ஆளுக்கொரு ஃபோல்டர், மற்றவர் திறக்க முடியாத அனுமதியோடு. இல்லாவிட்டால் அடுத்த வகுப்பு வந்து முந்தைய வகுப்பு பார்த்ததையெல்லாம் புரட்டும். லாக்-அவுட் ஆனதும் அழித்துவிட வேண்டும். விட்டால் சர்வரின் குப்பை கணினிக்குக் கணினி சேரும். ராமில் வைக்கலாம் என்பார்கள். 4 ஜிபி கணினியில் அந்த ஆசை வேண்டாம்.

குரோமில் கேஷ் அளவுக்கு வரம்பு வைக்கும் பாலிசி உண்டு. ஆனால் அது கண்டிப்பான உச்சவரம்பு அல்ல. போதாக்குறைக்கு, சில இணையதளங்கள் தாமாகச் சேமிப்பவை கேஷ் ஃபோல்டருக்கு வராமல் பிரவுசரின் ப்ரொஃபைலுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

அந்த மாணவிக்கு இன்றைக்கு வழி: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து மட்டும் தெரியும் திரை வரும். அதில் லாகின் செய்து டாட் கேஷை அழித்தால் போதும். பக்கத்திலுள்ள, ஃபயர்பாக்ஸின் 'டாட் மொசில்லா'வில் கைவைக்கக் கூடாது. அவளுடைய புக்மார்க்குகள் அதில் இருக்கலாம்.