கழுத்துக்கு ஒரு விசிறி!

ஃபேன்ஸி ஸ்டோர் செட்டை மாட்டிக்கிட்டு கல்ச்சுரல்ஸ் போய், ராத்திரி முழுக்கக் கழுத்தைச் சொறிஞ்சிக்கிட்டே தூங்கின அனுபவம் உண்டா? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குத்தான். மலிவான நகைகள் பலவற்றில் கலந்திருக்கும் நிக்கல், சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. வியர்வை பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலில் இறங்கும். அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் லேசில் விடாது. 'தங்கம் போட்டுக்கோ'ன்னு சொல்றது ஈஸி பாஸ், விலையைப் பார்த்தீங்களா?

எங்க காலேஜ் டெக்ஸ்டைல் தோழி ஒருத்திக்கு இதே பிரச்னை. அக்கா கல்யாணத்தில் வெறும் கழுத்தோடு நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. லேபில் மிஞ்சிய துணியை மடித்து நெக்பீஸ் செய்ய உட்கார்ந்துவிட்டாள். நான் மெக்கானிக்கல், ஊசியில் நூல் கோக்கவே திணறுகிற கேஸ். கணக்குப் போட மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.

முதல் ட்ரையல், கஞ்சி போட்ட காட்டன். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. மெஸ் க்யூவில் அரை மணி நேரம் நின்றதும் அப்படியே தொங்கிவிட்டது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதில் மடிப்பைப் பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை விட்டுவிடும், கஞ்சியும் இளகிவிடும். (16-ம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்கள் கழுத்தைச் சுற்றி வட்டத்தட்டு மாதிரி 'ரஃப்' கட்டியிருப்பார்களே, அதுவும் கஞ்சி போட்ட துணிதான். மழை வந்தால் பந்தா காலி!)

அடுத்து பாலியெஸ்டர். கையில் இருப்பது அதுதானா என்று தெரிய ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியானால் நம்ம ஆள். சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் பாலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழத் தொடங்கும். அப்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ, ஆறியதும் அதையே பிடித்துக்கொள்ளும். 2022-ல் மறைந்த ஜப்பான் டிசைனர் இஸ்ஸே மியாகே, 1993-ல் கொண்டுவந்த 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' உடைகளின் ரகசியமும் இந்தச் சூடுதான். முதலில் உடையைப் பெரிதாகத் தைத்து, பேப்பருக்கு நடுவே வைத்து மடித்து அழுத்துவார்கள்.

நம்ம தோழிக்கு மெஷின் ஏது? இட்லிப் பானைதான்! ஒரே மாதிரி மடித்த இரண்டு பிரவுன் ஷீட்டுக்கு நடுவே ஆர்கன்ஸா துணி. இறுக்கிக் கட்டி, தண்ணீர் சொட்டாமல் துண்டு சுற்றி, முக்கால் மணி நேரம் ஆவி. ஆறுவதற்கு முன்னால் பிரித்தால் மடிப்பு போச்சு. ராத்திரி முழுக்கப் பொறுக்கணும், அதுதான் கொடுமை.

செயற்கைக்கோள் சோலார் பேனல் மடிப்பையும் விட்டுவைக்கவில்லை. கோர்யோ மியூரா 1970-ல் யோசித்தது, 1995-ல் விண்வெளிக்கே போனது. பார்க்க செம அழகு. ஆனால் கழுத்தைச் சுற்றி வளைத்தால் குதிரைச் சேணம் மாதிரி முறுக்கிக்கொண்டது. கடைசியில் ஜெயித்தது சாதா விசிறி மடிப்பு!

என் கணக்கு இதுதான். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ., நெக்பீஸ் அகலம் 8 செ.மீ. என்றால் வெளி விளிம்பு 40 + (2 × 3.14 × 8), அதாவது சுமார் 90 செ.மீ. துணியும் அதே 90 எடுத்தால் வெளி ஓரத்தில் மடிப்பே தெரியாது. 150 எடுத்தோம். 1 செ.மீ. ஆழத்தில் 75 மடிப்பு. உள் ஓரத்தில் ஒவ்வொரு மடிப்பிலும் ஊசி விட்டு, நூலை இழுத்து 40-க்குச் சுருக்கினாள்.

பாலியெஸ்டரின் வெட்டிய ஓரம் கழுத்தை அறுக்கும். அதனால் உள் விளிம்புக்கு மெல்லிய காட்டன் பட்டி. ஆமா, முதல் ரவுண்டில் தோற்ற அதே காட்டன்! வியர்வையை உறிஞ்ச அதை விட்டால் ஆளில்லை. ஹூக்கிலும் நிக்கல் இருக்கலாம் என்பதால் துணி லூப், மரப் பட்டன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர், "என்னடி, அப்பளத்தையா கட்டியிருக்கே?" என்றாராம். முகூர்த்தம் முதல் ரிசப்ஷன் வரை அரிப்பு எட்டிப்பார்க்கவில்லை.

நீங்களும் செய்தால் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் தொங்கவிடுங்கள். வீட்டில் யாராவது அயர்ன் பாக்ஸோடு வந்தால் மட்டும், தயவுசெய்து ஒளித்துவிடுங்கள்!