கால்சியம் சாப்பிட்டால் புற்றுநோய் வளருமா?

"வைத்தியரய்யா, இனிமே எனக்குக் களியும் வேண்டாம், உங்க சங்கு பற்பமும் வேண்டாம்!"

பாலக்கோடு பக்கமிருந்து வந்த அந்த அம்மா இப்படிச் சொன்னதும் திகைத்துப் போனேன். தர்மபுரி மாவட்டத்துக்காரர் கேழ்வரகுக் களியை வேண்டாம் என்பதா? விசாரித்தேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். 'புற்றுநோய் செல்லில் ஹார்மோனுக்குத் துணை போவதே கால்சியம்தான்' என்று மகன் எங்கோ படித்துவிட்டுச் சொன்னானாம்.

மகன் படித்தது பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. அரைவேக்காட்டுச் சோறு மாதிரி, பாதி உண்மையும் உடம்புக்கு ஆகாது!

ஹார்மோன் என்பது ரத்தத்தில் வரும் ஒரு சேதி. அதை வாங்கிக்கொள்ள செல்லுக்குள் 'ரிசப்டர்' என்ற புரதம் காத்திருக்கிறது. சேதி கிடைத்ததும் அது டி.என்.ஏ. மீது போய் உட்கார்ந்து, 'வளரு, பெருகு' என்று சில மரபணுக்களை வேலை செய்ய வைக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு இப்படி ஹார்மோனை நம்பி வளர்பவை.

இங்கேதான் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் புரதங்கள் வருகின்றன. 'கால்மோடுலின்' நான்கு கால்சியம் அணுக்களைப் பிடித்துக்கொண்டு உருமாறும். ஈஸ்ட்ரஜன் ரிசப்டரோடு ஒட்டி, அது சீக்கிரம் சிதைந்து போகாமல் காக்கும். 'கால்ரெட்டிகுலின்' இதற்கு நேர் எதிர். அது ரிசப்டரை டி.என்.ஏ.வில் உட்காரவிடாமல் தடுப்பதை, 1994-ல் கனடாவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. அதில் ஒன்று, புராஸ்டேட் புற்றுநோயில் முக்கியமான ஆண் ஹார்மோன் ரிசப்டரைப் பற்றியது.

"அப்போ களி சாப்பிட்டா அந்தக் கால்சியம் கூடிடாதா?" என்றார் அந்த அம்மா.

கூடாது! செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். அதை உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் செல்லின் வேலை. ரத்தத்தில் உள்ள அளவையும் ஹார்மோன்கள் கட்டிக் காக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் எலும்பை மெலியச் செய்பவை. அதனால், கால்சியம் போதுமான அளவு சேர்த்துக்கொள்ளும்படி டாக்டர்களே சொல்வதுண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம். அப்போது கால்சியம் மாத்திரையோ, சங்கு பற்பம், பவழ பற்பமோ நீங்களாகச் சாப்பிடக்கூடாது. என் மருந்தைப் பற்றி அந்த டாக்டரிடமும், அவர் மருந்தைப் பற்றி என்னிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்த மாத்திரையை விட்டுட்டு, உங்க மருந்தே சாப்பிடட்டுமா?"

"கூடவே கூடாதும்மா. உங்க கட்டியைச் சோதிச்ச ரிப்போர்ட்ல 'ஈ.ஆர். பாசிட்டிவ்'னு இருக்கு. அந்த ரிசப்டரை அடக்குறது அந்த மாத்திரைதான். அதுக்கு மாத்து என்கிட்ட இல்லை. குறைஞ்சது அஞ்சு வருஷம், டாக்டர் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். களியைத் தாராளமாகக் கிண்டுங்கள். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் மறந்துவிடாதீர்கள்!